“மாலு, கண்ணா, வா”: பாம்பனில் கேட்ட சிலோன் பாட்டு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பி ஒருவர் கிட்டார் பழகுகிறார். “சுராங்கனி” பாட்டை எப்படி வாசித்தாலும் கடைசியில் குத்துப்பாட்டாகத்தான் வந்து நிற்கிறதாம். “நீங்க பாம்பன்காரர். சின்ன வயசுலயே சிலோன் ரேடியோவுல கேட்டிருப்பீங்க. முதல்ல கேட்டப்ப எப்படி இருந்துச்சு? அந்தப் பாட்டுல அப்படி என்னதான் இருக்கு?” என்று கேட்கிறார்.

இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. முதலில் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. எந்த இடம் பயம் காட்டியதோ அந்த இடத்தைத்தான் உங்கள் கை இப்போது தவறவிடுகிறது. அந்தப் பயத்தைச் சொன்னால்தான் கை விஷயமும் விளங்கும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பாம்பன் தெற்குவாடியில். வாசலில் நின்றால் தென்கடல், பாடப் புத்தகத்தில் மன்னார் வளைகுடா. ஊரின் அந்தப் பக்கம் போனால் வடகடல், பாக் விரிகுடா. அலையும் இழுப்பும் உள்ள தென்கடலை ஆண்கடல் என்றும், குளம் மாதிரிக் கிடக்கிற வடகடலைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். அப்பத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் புயலில் அந்த ஊர் போனபிறகு குடும்பம் பாம்பனுக்கு வந்தது. நான் பிறந்தது 1968ல். அப்பத்தாவின் தங்கை தலைமன்னாரில் வாழ்க்கைப்பட்டவர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடலில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ராமநாதபுரம் போவதைவிடப் பக்கம் என்று அப்பத்தா சொல்லுவார். அவருக்கு அது அக்கரை, வெளிநாடு இல்லை.

ரேடியோ சித்தப்பாவுடையது. தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். உறையில் பொத்தான் பிய்ந்துபோய் வலைக்கயிறு கட்டியிருக்கும். கடலுக்குப் போகாத நாளில் அது திண்ணையில் இருக்கும், போகிற நாளில் வத்தையில் அவரோடு போகும். எங்களுக்குத் திருச்சியும் திருநெல்வேலியும் எடுக்கும்தான், ஆனால் மணலைச் சல்லடையில் போட்டு ஆட்டுகிற இரைச்சலோடு எடுக்கும். சிலோன் மட்டும் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி வரும். கடல் காற்று தூக்கிக்கொண்டு வருகிறது என்று ஊரில் சொல்வார்கள். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மத்திய அலை பகலில் தரையை ஒட்டித்தான் போகும்; காய்ந்த தரை அதைக் குடித்துவிடும். உப்புத்தண்ணீர் நல்ல மின்கடத்தி, நிலத்தைவிடப் பல நூறு மடங்கு. அதனால் கடல்மேல் அலை அவ்வளவாகத் தேயாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கொழும்புப் பக்கமிருந்து புறப்பட்ட பாட்டு எங்கள் திண்ணைக்கு வரும்வரை பாதை பெரும்பாலும் கடலும் கடலோரமும்தான். திருச்சியிலிருந்து வருவதற்குப் பெரும்பாலும் கட்டாந்தரை.

இன்னொன்று, இது சித்தப்பா காட்டியது. அந்தப் பெட்டிக்குள்ளே கரும்பென்சில் மாதிரி ஒரு தண்டு படுத்திருக்கும். பெட்டியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சத்தம் செத்துப்போகும். அப்போது அந்தத் தண்டின் முனை நிலையத்தைப் பார்த்து நிற்கிறது என்று அர்த்தம். மூடாப்பு நாளில் நடுக்கடலில் சித்தப்பா அதை வைத்துத்தான் சிலோன் எந்தப் பக்கம் என்று பார்ப்பாராம். “ஆனா இந்த முனையா அந்த முனையான்னு பொட்டி சொல்லாது. அதுக்குத்தான் ஒனக்கு மூளைய வச்சிருக்கு” என்பார்.

சிலோன் ரேடியோ என்றுதான் சொன்னோம். 1972லேயே அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது. எங்கள் ஊர் வாய்க்கு அந்தப் பெயர் நுழையவில்லை. காலையில் “பொங்கும் பூம்புனல்” கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம். அப்பத்தாவுக்குப் பாட்டில் நாட்டமில்லை. அவர் காத்திருந்தது மரண அறிவித்தலுக்காக. இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று ஒரே சீராக, அவசரமில்லாமல் வாசிப்பார்கள். அது ஓடும்போது அப்பத்தா வலது கையைத் தூக்கிக்கொள்வார். கை தூக்கியிருக்கும்வரை வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. தலைமன்னார், பேசாலை, மன்னார் என்று ஊர்ப்பெயர் வந்தால் முகம் இறுகும். தெரிந்தவர் இல்லையென்றால் கை இறங்கும்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். அன்றைக்கும் கை தூக்கியிருந்தது. கடைசிப் பெயர் வாசித்தார்கள், எங்கள் ஆள் யாருமில்லை, கை இறங்கியது. அடுத்த நொடி அந்தப் பாட்டு.

சாவுச் செய்திக்குப் பின்னால் வந்ததாலா, பாட்டே அப்படித்தானா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருத்தர் கூப்பிடுகிறார், ஒரு கூட்டம் பதில் சொல்கிறது. தமிழ் மாதிரி இருக்கிறது, ஆனால் அர்த்தம் கையில் சிக்கவில்லை. அதுவரை எனக்குப் புரியாத பாட்டு என்றால் இந்திப் பாட்டு. அது முழுக்கவே புரியாது, அதனால் தொந்தரவு இல்லை. இதுவோ பாதி புரிந்தது. காய்ச்சலில் நம் வீட்டு ஆளே பிதற்றினால் எப்படி இருக்கும்? குரல் தெரியும், சொல்லும் தெரிந்த சொல் மாதிரி இருக்கும், ஆனால் அவர் நம்மிடம் பேசவில்லை. அந்த மாதிரி. அதோடு அந்தத் தாளம் நொண்டியது. நொண்டிக்கொண்டே ஓடியது. நொண்டுகிறவன் அவ்வளவு வேகமாக ஓடினால் ஒரு பையனுக்குப் பயம் வராதா?

அறிவிப்பாளர் “பொப் இசைப் பாடல்” என்றார். நாம் பாப் என்கிறோம், அவர்கள் பொப் என்பார்கள். எனக்கு அதுவும் புதுசு. பொப் என்பது பாடுகிறவரின் பெயர் என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். பாடியவர் ஏ.ஈ. மனோகரன். பிறகு சென்னைக்கு வந்து படங்களில் நடித்து, சிலோன் மனோகர் என்று தமிழ்நாட்டில் அறியப்பட்டவர். நித்தி கனகரத்தினமும் இவரும் எழுபதுகளில் இலங்கைத் தமிழ் பொப் இசையைக் கிளப்பிவிட்டவர்களில் முன்னால் நிற்பவர்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது ஆளில்லாத குரல்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். தெருப்பிள்ளைகள் எல்லோரும் ஒரு வாரத்தில் பாடத் தொடங்கிவிட்டோம், தப்பும் தவறுமாக. நாங்கள் பாடியது “மாலு, கண்ணா, வா.” யாரோ கண்ணனைக் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு கட்டினோம். மாலு யார் என்பதில்தான் சண்டை. மாலா என்ற பெயரைச் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள் என்றாள் அக்கா. மாலுமியில் மியை விழுங்கிவிட்டார்கள் என்றேன் நான். இதற்கு அப்பத்தா தீர்ப்புச் சொன்னார். அவருக்குச் சுராங்கனி என்று காதில் விழவே இல்லை. “சுக்கானின்னுதானடா பாடுறான். சுக்கானியக் கூப்புடுறான், மாலுமியக் கூப்புடுறான். தோணி கெளம்பப் போவுது, வெரசா வாங்கன்னு கூப்புடுறான்” என்றார். கீழக்கரைத் தோணிகளில் சுக்கான் பிடிக்கிற சுக்கானிகளைப் பார்த்து வளர்ந்தவர். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார். அந்த விளக்கம் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. தோணி கிளம்பப்போகிறது, ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை, அதனால்தான் அந்தத் தாளம் அப்படி அவசரப்படுகிறது. பயம் போய், அந்தத் தோணியில் யார் யாரெல்லாம் போகிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

உண்மையைச் சொன்னவர் மண்டபத்தில் இருந்த ஓர் அக்கா. பெரியம்மா வீடு மண்டபத்தில். அப்போது சாலைப் பாலம் கிடையாது, அது 1988ல்தான் திறந்தது. ரயிலில்தான் போவோம், பாலத்தில் ரயில் ஊரும்போது கதவோரம் நின்று கீழே காறித் துப்பினால் அடி விழும். பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் தாயகம் திரும்பிய ஒரு குடும்பம் குடியிருந்தது. 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. வருடக்கணக்கில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் பிரிந்து போனார்கள். இந்தக் குடும்பம் எங்கும் போகவில்லை. அக்காவின் அப்பா மண்டபத்திலேயே மீன் ஐஸ் வைக்கிற வேலையில் சேர்ந்துவிட்டார்.

நான் பாடிக்கொண்டே போனேன். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “என்னன்னு பாடுற?” என்றார்.

“மாலு, கண்ணா, வா.”

அவர் சிரித்த சிரிப்பில் சோப்புத் தண்ணீர் தெறித்தது. “கண்ணாவும் இல்ல வாவும் இல்ல. கெனாவா. கொண்டாந்தேன்னு அர்த்தம், சிங்களத்துல.”

“அப்ப மாலு?”

“மாலுன்னா மீனு தம்பி. சுராங்கனின்னு ஒரு பொண்ணு. அவளுக்கு மீன் கொண்டாந்திருக்கேன், இப்பதான் கொண்டாந்த மீனுன்னு சொல்றான். அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தான்! காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சூடை பட்டதா, காரல் பட்டதா, சீலா என்ன விலை போனது, ஐஸ் வந்ததா. அம்மா தலையில் கூடை வைத்துக்கொண்டு தெருவுக்குத் தெரு கூவியதும் இதையேதான்: இப்போதான் கரைக்கு வந்த மீன். நான் மாதக்கணக்காகத் தோணி, சுக்கானி, பயணம் என்று கட்டியிருந்தது மொத்தமும் ஒரு மீன்கூடையில் முடிந்துபோனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது என்றால் நம்பமாட்டீர்கள். வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “மீனுன்னா சுக்கானி இல்லாம யாருடா புடிச்சாந்தான்?” என்றார்.

ஒரு விஷயம் மட்டும் அன்றைக்கே உறுத்தியது. சொல் புரிந்துவிட்டது, அதிலிருந்த மர்மமும் போய்விட்டது. ஆனால் ரேடியோவில் மறுபடி வந்தபோது முதுகுத்தண்டு அப்படியேதான் சிலிர்த்தது. அப்படியானால் விசித்திரம் சொல்லில் இல்லை. அந்த நொண்டலில் இருந்திருக்கிறது.

அதைப் பிடிக்க நான் ஒரு வாத்தியம் செய்தேன். உடைந்த வத்தையின் பலகை ஒன்று, முழங்கை நீளம். ஒரு பக்கம் மூன்று ஆணி. தங்கூசி நரம்பு மூன்று தடிமனில், வலை பொத்துகிற இடத்தில் பொறுக்கியது. மறுபக்கம் இழுத்துக் கட்டாமல் பலகையின் விளிம்பில் தொங்கவிட்டு, நுனியில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளைக் கட்டினேன். குண்டு கூட்டினால் சுதி ஏறும், குறைத்தால் இறங்கும். மெல்லிய நரம்பு மேலே பேசும், தடித்தது கீழே பேசும். பலகைக்கு அடியில் மண்ணெண்ணெய்த் தகரம் வைத்தால் சத்தம் வந்தது. முறுக்காணி வைத்த கிட்டாரைவிட எனக்கு அந்தக் குண்டுக் கிட்டாரில் சுதி சேர்ப்பது சுலபமாக இருந்தது, எண்ணிக் கட்டினால் போதும். காற்றடித்தால் குண்டு ஆடும், சுதியும் ஆடும். கச்சான் காற்றுக் காலத்தில் வாசிக்கவே முடியாது.

அதில் சுராங்கனியைத் தட்டினேன். மெட்டு வந்தது. நொண்டல் வரவில்லை. கரைவலை இழுக்கிற பாட்டாக மாறிவிட்டது. உங்களுக்குக் குத்துப்பாட்டாக மாறுகிறது அல்லவா, அதே சிக்கல்தான். அவரவர் உடம்பில் எது ஊறியிருக்கிறதோ அதற்குள் போய் விழுந்துவிடுகிறது.

கரைவலைப் பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது பேர் பின்வாக்கில் நடப்பார்கள். ஒருத்தர் அம்பா எடுத்துப் பாடுவார், மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்பார்கள். அந்தச் சொல் விழுகிற இடத்தில்தான் இழுப்பு. குதிகால் மணலில் புதையும், கயிறு ஒரு முழம் வரும், கை மாற்றிப் பிடிக்க ஒரு நொடி விட வேண்டும், மறுபடி இழுப்பு. இசை என்று யாரும் அதைச் சொல்வதில்லை. பாட்டுத் தப்பினால் பாரம் ஒருத்தன் தோளில் போய் உட்காரும். அதில் கனமெல்லாம் கால் தரையில் பதிகிற இடத்தில். நம் பறையடியிலும் கும்மியிலும் பெரும்பாலும் அப்படித்தான் என்று என் காது சொல்கிறது.

விடை கிடைத்தது கச்சத்தீவில். 1981 என்று நினைவு, அந்தோணியார் திருவிழா. 1974 ஒப்பந்தத்தில் தீவு அந்தப் பக்கம் போய்விட்டாலும், திருவிழாவுக்குப் போக நமக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகில் கூட்டம் கூட்டமாகப் போவோம். அங்கே வியாபாரம்தான் பாதித் திருவிழா. இந்தப் பக்கத்துக் கைலியும் அந்தப் பக்கத்துச் சோப்பும் தேங்காயெண்ணெயும் கை மாறும். அது தண்ணீர் இல்லாத தீவு, ராத்திரி மணலில்தான் படுக்கை. சப்பரம் சுற்றி முடிந்தபிறகு நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து வந்திருந்த மீனவர்கள் வட்டமாக உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். ஒருவரிடம் கிட்டார், ஒருவரிடம் ரபான் என்கிற தப்பு, மற்றவர்களிடம் கையும் டின்னும். நாலைந்து பாட்டுக்குப் பிறகு சுராங்கனி.

எனக்குப் பதிமூன்று வயது. கிட்டார்காரருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் வலது கையையே பார்த்தேன். புரியவில்லை. அவர் பார்த்துவிட்டு நிறுத்தினார். நீர்கொழும்பு மீனவர்கள் பலருக்குத் தமிழும் வரும், அவருக்கும் கொஞ்சம் வந்தது. என் காலைத் தட்டி, “கால் ரெண்டு” என்றார். என் கையைத் தட்டி, “கை மூணு” என்றார். பிறகு மறுபடி வாசித்தார்.

அவ்வளவுதான் பாடம். அதை விளங்கிக்கொள்ள எனக்கு அடுத்த ஏழெட்டு வருடம் ஆனது. கோயில் பாடகர் குழுவில் உண்மையான கிட்டார் தொட்டு, மதுரையில் மெல்லிசைக் குழுக்களில் வாசித்து, ஒரு நாள் கல்யாணக் கச்சேரியில் திடீரென்று கை தானாகப் போனது.

ஆறு எண்ணுங்கள். அதை மூன்று மூன்றாகவும் பிரிக்கலாம், இரண்டிரண்டாகவும் பிரிக்கலாம். தகிட தகிட என்றால் இரண்டு அடி. தக தக தக என்றால் மூன்று அடி. மொத்தம் இரண்டிலும் ஆறுதான். பைலா என்கிற இசையில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். கால் தகிட தகிட என்று நடக்கும், அதன்மேல் கை தக தக தக என்று போகும். கேட்கிறவனுக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் கட்டை என்று தோன்றுவது இதனால்தான். எட்டு வயதில் நான் நொண்டல் என்று கேட்டது இதைத்தான். அறிவிப்பாளர் பொப் என்றாலும், அந்தப் பாட்டின் எலும்பு பைலா.

பைலா எப்படி வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “இதெல்லாம் நம்ம தெம்மாங்குதான், அவன் எடுத்துக்கிட்டான்” என்று மேடையிலேயே பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பைலா போர்த்துகீசியச் சொல், ஆடுவது என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியர்களோடும், அவர்களும் பின்னால் வந்தவர்களும் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களோடும் அந்த ஆட்டம் வந்தது. கஃபிரிஞ்ஞா என்கிற அந்த ஆறு தட்டு ஆட்டம் மட்டக்களப்புப் பறங்கியரிடமும், புத்தளம் பக்கம் இருக்கிற ஆப்பிரிக்க வழித்தோன்றல்களிடமும் தங்கியது. 1940களில் வாலி பாஸ்தியன் என்ற போலீஸ்காரர் அந்தத் தாளத்தில் சிங்களப் பாட்டுக் கட்டினார். இன்றைக்கு நாம் கேட்கிற பைலாவுக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள். போலீஸ்காரர்!

போர்த்துகீசியர்கள் எங்கள் கரைக்கும் வந்தவர்கள்தான். மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் 1538ல் அவர்களோடு பெரிய கடற்சண்டை நடந்தது. அதே வேதாளையில் 1549ல் அந்தோணி கிரிமினாலி என்ற சேசு சபைக் குரு கொல்லப்பட்டார். நமக்கு ஜன்னலையும் சாவியையும் மேசையையும் அலமாரியையும் விட்டுப்போனார்கள். பைலாவை விட்டுப்போகவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அங்கே அவர்களோடு வந்த ஆட்களின் வம்சம் ஆட்டத்தோடு ஊரிலேயே குடியிருந்துவிட்டது, இங்கே அப்படி ஆடுகிறவர்கள் தங்கவில்லை என்பது என் ஊகம். சொல் தங்குவதற்கு ஒரு பொருள் போதும். தாளம் தங்குவதற்கு ஆட ஆள் வேண்டும்.

இதற்கு நடுவில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. உங்கள் கை குத்துக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1977ல் வந்த “அவர் எனக்கே சொந்தம்” படத்தில் இளையராஜா இந்தப் பாட்டைப் பயன்படுத்தினார், மலேசியா வாசுதேவன் பாடினார். எங்கள் ஊர்க் கல்யாண மைக்செட்டில் பிறகு ஓடியது பெரும்பாலும் அதுதான். அதற்குப் பிறகு கச்சேரி மேடைகளில் ஆளாளுக்கு ஒரு டிரம்ஸ் பேட்டர்ன் வைத்து, ஆறை மடக்கி நாலாக்கி, துள்ளலை இறுக்கிவிட்டார்கள். இன்றைக்கு விசேஷ வீட்டில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் அந்த மடக்கிய வடிவம்தான். அதைக் குறை சொல்லவில்லை, ஆட வைக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த காதோடு கிட்டாரை எடுத்தால் குத்துதான் வரும்.

1983க்குப் பிறகு எல்லாம் மாறிப்போனது. கப்பல் நின்றது. கச்சத்தீவுத் திருவிழா பல வருடம் நடக்கவில்லை. பிளாஸ்டிக் படகில் வந்து இறங்கியவர்களை மண்டபம் முகாமில் பார்த்தேன். முன்பு தாயகம் திரும்பியவர்கள் தங்கிய அதே இடம். அப்பத்தா 1986ல் காலமாகும்வரை காலையில் கையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். வாசிக்கப்பட்ட பெயர்களில் அவருடைய தங்கையின் பெயர் வரவே இல்லை. அவர் எப்போது, எப்படிப் போனார் என்று எங்களுக்குத் தெரிந்தது பத்து வருடம் கழித்து, ஒரு கடிதத்தில்.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அன்றைக்கு எனக்குத் தங்கச்சிமடத்தில் ஒரு கச்சேரி. முதல் பாட்டாகச் சுராங்கனி வாசிக்கலாம் என்றேன். டிரம்ஸ் வாசிக்கிற பையன் வழக்கமான நாலு தட்டை ஆரம்பித்தான். நிறுத்தச் சொல்லிவிட்டு, அவன் முழங்காலைத் தட்டிக் காட்டினேன், கையைத் தட்டிக் காட்டினேன். ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டான். எனக்கு ஏழெட்டு வருடம் எடுத்தது அவனுக்கு இரண்டு நிமிடம். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

சரி, உங்கள் கைக்கு வருவோம். கிட்டாரை முதலில் கீழே வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஆறுவரை வாய்விட்டு எண்ணுங்கள், சீராக, மெதுவாக. ஒன்றிலும் நாலிலும் இடது குதிகாலைத் தரையில் வையுங்கள். இது பழகியபிறகு, அதை நிறுத்தாமல், ஒன்று, மூன்று, ஐந்தில் தொடையில் தட்டுங்கள். ஒன்றில் மட்டும் காலும் கையும் சேரும். மூன்றில் கை தனியாக, நாலில் கால் தனியாக, ஐந்தில் மறுபடி கை. முதல் நாள் நாலில் கை தானாகப் போய் விழும், அல்லது கால் நின்றுவிடும். பரவாயில்லை, எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டு நாள் இதை மட்டும் செய்யுங்கள்.

பிறகு கிட்டார். இரண்டு மூன்று கார்டில் பாட்டு முடிந்துவிடும், இடது கைக்கு வேலை குறைவு. வலது கையில் கட்டைவிரல் காலின் வேலையைச் செய்யட்டும்: ஒன்றிலும் நாலிலும் அடிநரம்பு. மற்ற விரல்கள் மூன்றிலும் ஐந்திலும் மேல்நரம்புகளைக் கிள்ளி, உடனே உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தட்டும். அமுக்குவதுதான் முக்கியம், நரம்பை ஓடவிட்டால் எல்லாம் குழைந்துவிடும். ஒன்றாவது தட்டை ஓங்கி அடிக்காதீர்கள். நம் கை அங்கேதான் ஓங்கும், கரைவலைக் கை. ஐந்தாவதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள். அது அடுத்த ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது பாட்டு நொண்ட ஆரம்பிக்கும், விட்டுவிடுங்கள், திருத்தாதீர்கள்.

பாடும்போது “கண்ணா வா” என்று பாடினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் இன்னும் அப்படித்தான் பாடுகிறேன்.